மாருதி இன்ஜினைப் பின்னால் வைத்தவர்

ஜி.என்.டி. ரோடு வழியா காலேஜ் பஸ்ல வர்றவங்களுக்கு இந்த ரூட் மனப்பாடம். செங்குன்றம், சோழவரம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, அப்புறம் கும்மிடிப்பூண்டி. சோழவரம் வரும்போது நம்மில் முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில் இருப்போம். நானும் மூணு வருஷம் அப்படித்தான் தாண்டிப் போனேன். அந்த ஊரில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது, போர் முடிந்தபிறகு அதன்மேல் பல வருஷம் கார் ரேஸ் நடந்தது, நாடு முழுக்க இருந்து ஆட்கள் காரைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது நாலாவது வருஷத்தில். அதுவும் எங்கள் பக்கி நேரா ஓட மறுத்தபிறகுதான்.

பக்கின்னதும் சிரிக்காதீங்க. வீட்ல திட்டும்போது சொல்ற பக்கி இல்லை. குழாய்களை வெல்டிங் செய்து ஒரு கூடு, அதற்குள் ரெண்டு சீட், பின்னால் இன்ஜின், கதவு கிடையாது, கூரை கிடையாது. மணல்மேட்டில் ஓட்ட அமெரிக்காவில் ஆரம்பித்த வண்டி. நாங்கள் அதை ரோட்டில் ஓடுற மாதிரி செய்யணும்னு ஃபைனல் இயர் ப்ராஜெக்டா எடுத்தோம். ஸ்கிராப்புக்குப் போன ஒரு மாருதி 800-லிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சக்கரங்கள் எல்லாவற்றையும் அப்படியே கழற்றிப் பின்னால் மாட்டினோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டியின் வால் சட்டென்று வீசியது. முழுசா ஒரு சுற்று. யாருக்கும் அடி இல்லை. ஆனால் ஓட்டின நண்பன் இறங்கிப் பத்து நிமிஷம் பேசவே இல்லை.

இதே வேலையை, மாருதி 800 இன்ஜினை ஆளுக்குப் பின்னால் வைக்கிற வேலையை, நமக்கு முன்னால் ஒருத்தர் ஒழுங்காச் செய்திருக்கிறாரா என்று தேடப்போய்க் கிடைத்த பெயர்தான் கரிவரதன்.

ரேஸ் உலகத்தில் அவரை எல்லாரும் கரி என்றே கூப்பிட்டார்கள். அடுப்புக்கரி ஞாபகம் வந்தால் தப்பில்லை, எனக்கும் அதுதான் வந்தது. பழைய தமிழில் கரி என்றால் யானை. யானைக்கு அருள் செய்த பெருமாளின் பெயர் கரிவரதன். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு இதைச் சொல்லித்தர எங்கள் பாட்டி வேண்டியிருந்தது.

1954-ல் பிறந்தவர், கோயம்புத்தூர்க்காரர். 1910-ல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸின் குடும்பம். அதனால் இதை ஏழைப் பையன் ஜெயித்த கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பணம் இருந்தது. பட்டறை வைக்க இடம் இருந்தது. லேத், வெல்டிங், வார்ப்படம், மோட்டார் பம்ப் என்று எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருந்த ஊரும் இருந்தது. ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் அது. இத்தனையும் இருந்த பணக்காரப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அவர்களில் கரி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

1970-களில் ரேஸ் ஓட்ட ஆசைப்பட்ட ஒருத்தர் நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கடையில் கிடைக்கிற கார் மூணே மூணு: அம்பாசிடர், ஃபியட், நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இறக்குமதி என்றால் லைசென்ஸ், வரி, வருஷக்கணக்கில் காத்திருப்பு. அதனால் சோழவரத்துக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றின் எலும்பில் உருவானவை. உடம்பை வெட்டி எறிவார்கள், சேஸிஸைக் குறைப்பார்கள், இன்ஜினைக் கடைவார்கள். ஹெரால்டுக்கு இதில் தனி மவுசு. அதற்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. நட்டைக் கழற்றினால் பாடி மேலே வந்துவிடும். உங்களுக்கு வேண்டிய உடம்பை மேலே உட்கார வைக்கலாம்.

ஆனால் அந்த ஹெரால்டில் ஒரு பூதமும் இருந்தது. பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில் நிற்கும். நடுவில் டிஃபரன்ஷியல், அதிலிருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அரை ஆக்சில், பறவையின் இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாப் போகும்போது வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால் வெளிப்புறச் சக்கரம் உள்பக்கமாக மடங்கிக்கொள்ளும். டயரின் ஓரம் மட்டும்தான் ரோட்டில் இருக்கும். பிடி போச்சு, வால் வீசும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே கதைதான். 1964-ல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் அந்த பீட்டிலின் உறுப்புகள்மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு வைத்துத்தான் மேயர்ஸ் மேங்ஸ் என்ற முதல் புகழ்பெற்ற பக்கியைச் செய்தார். மணலில் ஸ்விங் ஆக்சில் பெரிசா யாரையும் பயமுறுத்தாது, மணல் வழுக்கிக் கொடுத்துவிடும். தார் ரோட்டுக்கு வந்தால்தான் வம்பு.

சோழவரத்தில் கரி ஓட்ட வந்தது இப்படிப்பட்ட கார்கள் நிறைந்த காலத்தில். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் அந்த ரேஸ்களை நடத்தியது. ஓடுதளம் என்பதால் நேர்ப்பாதை நீளம், வளைவுகள் கம்மி, ஆனால் அந்த வளைவுகள் கூர்மை. உச்ச வேகத்தில் வந்து, ஓங்கி பிரேக் போட்டு, காரை ஒடித்துத் திருப்பணும். பவர் இருந்தால் நேர்ப்பாதையில் முந்தலாம். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். பக்கத்தில் ஹெரால்டு எலும்பில் செய்த கார் நின்றால் எப்படி இருந்திருக்கும்! பார்க்க ஜோராத்தான் இருந்திருக்கும். ஆனால் இப்படி ஒரு ரேஸில் ஓட்டத் தெரிந்தவர் யார், செலவு செய்யத் தெரிந்தவர் யார் என்று எப்படிப் பிரிப்பது?

கரியும் வேகமாக ஓட்டிப் பேர் வாங்கியவர்தான். அதோடு நின்றிருக்கலாம். அவர் கார் செய்யப் போனார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. இதை நம் அப்பாக்கள் குடும்பக் காராகத்தான் பார்த்தார்கள். கார் செய்கிற ஆள் கண்ணுக்கு அது வேறு. 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின், பவர் நாற்பது குதிரைக்குள். மொத்த காரே 650 கிலோ பக்கம்தான். முக்கியமா, இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும், அதோடு கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே பொட்டலமாக ஒட்டியிருக்கும். முன் சக்கரத்தை இழுக்கச் செய்யப்பட்ட பொட்டலம். அதை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? நீள புரொபெல்லர் ஷாஃப்ட் வேண்டாம், கனமான பின் ஆக்சில் வேண்டாம், நடுவில் இன்ஜின் உள்ள ரேஸ் கார் கிடைத்துவிடும்.

உலகத்துக்கு இது புது யோசனை இல்லை. ஃபியட் கம்பெனி 1972-லேயே தன் 128 காரின் பொட்டலத்தைப் பின்னால் வைத்து எக்ஸ்1/9 செய்தது. டொயோட்டா 1984-ல் எம்.ஆர்.2-வை அதே வழியில் செய்தது. இங்கிலாந்தில் காலின் சாப்மன் ஆஸ்டின் 7 என்ற பழைய குட்டிக் காரை உடைத்து முதல் லோட்டஸைக் கட்டியது 1948-ல். ஊரில் மலிவாக எது கிடைக்கிறதோ அதிலிருந்து ஆரம்பி, எடையைக் குறை, மீதியை ஜியாமெட்ரி பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் அந்த மலிவான பொருள் மாருதி வரும்வரை இல்லை. வந்ததும் அதைக் கண்டுகொண்டவர் கரி. 1980-களின் கடைசியில் அவர் வடிவமைத்த ஒற்றை இருக்கை கார் ஃபார்முலா மாருதி என்ற பெயரில் ரேஸுக்கு வந்தது. குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, முதுகுக்குப் பின்னால் 800 இன்ஜின்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துறேன். ஏன்னா பொட்டலத்தைத் தூக்கிப் பின்னால் வைப்பது என்று ஒரு வரியில் சொல்லியாச்சு. அந்த வரியில்தான் நாங்கள் விழுந்தோம்.

முதல் பள்ளம் டை ராடு. முன் சக்கரத்தைத் திருப்ப ஸ்டியரிங் ரேக்கிலிருந்து வருகிற கம்பி. அதே சக்கரம் பின்னால் போனதும் ஸ்டியரிங் தேவையில்லை, ஆனால் கம்பியை எங்கேயாவது கட்டியாகணும், இல்லைன்னா சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நாங்கள் ஒரு பிராக்கெட் வெல்டிங் செய்து, கைக்கு வசதியான உயரத்தில் கட்டிவிட்டோம். அந்த வசதி 20 மில்லிமீட்டர் தப்பு. சக்கரம் மேலே எழும்பும்போது கீழ் ஆர்ம் ஒரு வட்டத்தில் போகும், டை ராடு வேறொரு வட்டத்தில் போகும். எங்கள் டை ராடு 300 மில்லிமீட்டர். சக்கரம் 50 மில்லிமீட்டர் எழும்பினால் கம்பியின் முனை மூணு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிக்கொள்ளும், ஸ்டியரிங் ஆர்ம் 120 மில்லிமீட்டர் என்பதால் சக்கரம் ஒன்றரை டிகிரி திரும்பிவிடும். அதாவது வளைவில் சாயும் ஒவ்வொரு முறையும் பின் சக்கரம் யாரையும் கேட்காமல் தானாக ஸ்டியரிங் பிடித்தது. வால் வீசியதன் பாதிக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் தேவைப்படவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தில் ஒரு லேசர் பாயிண்டரைக் கட்டி, ஜாக்கியால் மெதுவா ஏற்றி இறக்கி, சுவரில் புள்ளி எங்கே நகருது என்று பார்த்தோம். புள்ளி நேரா மேலே போகணும். எங்களுடையது வாழைப்பழம் மாதிரி வளைந்து போனது. ரேஸ் டிராக் சமமா இருக்கும், சக்கரம் அதிகம் எழும்பாது. சிப்காட்டுக்குள் லாரிகள் உழுத ரோட்டில் ஓடணும்னா சஸ்பென்ஷனுக்கு ரெண்டு மடங்கு பயணம் வேணும், இந்தத் தப்பும் அதோடு சேர்ந்து வளரும்.

ரெண்டாவது பிரேக். முன் சக்கரத்து பிரேக்தான் எந்த காரிலும் பலமானது, ஏன்னா நிறுத்தும்போது எடை முன்னால் பாயும். அந்தச் சக்கரத்தையே பின்னால் வைத்தால் பலமான பிரேக் பின்னால் வந்துவிடும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுத்தும். இது புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையிலும் எழுதியிருக்கேன். வண்டியில் மறந்துட்டேன்.

மூணாவது உயரம். பக்கின்னாலே தூக்கலா நிற்கணும்னு எங்களுக்கு ஒரு ஆசை. ரெண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப் போல ரெண்டு மடங்கால் வகுத்துப் பாருங்க. 1250 அகலம், 650 உயரம் என்றால் 0.96. காய்ந்த தார் ரோட்டில் சாதா டயரின் பிடியே 0.8, 0.9 வரும். கொஞ்சம் நல்ல டயர் போட்டால் வண்டி வழுக்கும் முன்னாடியே கவிழப் பார்க்கும். உயரத்தை 500 ஆக்கினால் 1.25. அப்போது முதலில் வழுக்கும், ஓட்டுகிறவனுக்குத் தகவல் தெரியும், திருத்த நேரம் இருக்கும். ஃபார்முலா மாருதியில் ஓட்டுநர் கிட்டத்தட்ட படுத்துக்கொண்டு உட்கார்வது ஸ்டைலுக்காக இல்லை.

சரி, கரியிடம் திரும்பலாம். கார் நன்றாக இருந்தது என்பதைவிட அதை அவர் எப்படிப் பயன்பட வைத்தார் என்பதுதான் பெரிசு. ஃபார்முலா மாருதியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே இன்ஜின். இன்ஜினில் எதாவது உடைந்தால் ஸ்பேர் எந்த ஊர் மாருதி கடையிலும் கிடைக்கும். நாற்பது குதிரைக்குள்ள இன்ஜின் என்றால் கேலியாத் தோணலாம். ஆனால் பவர் குறைந்த காரில் ஒரு வளைவில் வேகத்தை இழந்தால் அடுத்த நேர்ப்பாதையில் மீட்க முடியாது. தப்பு உடனே நேரத்தில் தெரியும். ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் இல்லை. காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறனுக்குப் பின்னால் ஒளிய இடமும் இல்லை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வந்தது. சோழவரத்தின் ஓடுதளக் காலம் முடிந்து, ரேஸுக்கென்றே கட்டிய பாதைக்கு ஆட்டம் மாறியது. நீளமான நேர்ப்பாதையும் ரெண்டு மூணு கூர்மையான திருப்பமும் இருந்த இடத்திலிருந்து, வளைவு வளைவாக வரும் இடத்துக்கு. ஹேண்ட்லிங் உள்ள சின்ன காருக்கு இதைவிடப் பொருத்தமான களம் எது? அங்கே ஃபார்முலா மாருதியில் ரேஸைத் தொடங்கிய கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன். சில வருஷம் கழித்துத் தொடங்கிய சென்னைப் பையன் கருண் சாந்தோக். ரெண்டு பேரும் பின்னால் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். இந்தியாவிலிருந்து அங்கே போனவர்களே அந்த ரெண்டு பேர்தான். ரெண்டு பேருக்கும் ஆரம்பப் பள்ளிக்கூடம் மாருதி 800 இன்ஜின்.

2005-ல் நரேன் ஜோர்டன் அணிக்காக முதல் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டியபோது கரி இல்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1995 ஆகஸ்ட் 24 அன்று, விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 41. கருண் ஃபார்முலா மாருதிக்கு வந்ததே அவர் போன பிறகுதான். ஆள் போனபிறகும் கார் பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது, புதுப் பையன்கள் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் எங்கள் பக்கிக்குத் திரும்பினோம். பிராக்கெட்டை வெட்டி 20 மில்லிமீட்டர் இறக்கினோம். முன் பின் பிரேக்குக்கு பேலன்ஸ் பார் போட்டோம். ஸ்பிரிங் இருக்கையை மாற்றி உயரத்தைக் குறைத்தோம், அழகு போச்சு என்று டீமில் ஒருத்தன் ரெண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. எடை 62 சதவீதம் பின்னால்தான், அதை மாற்ற முடியவில்லை. அதனால் முன் டயரில் காற்றைக் குறைத்தும் பின் டயரில் கூட்டியும் சரிக்கட்டினோம். அதே நாற்பது கிலோமீட்டர், அதே வளைவு. ஆக்சிலரேட்டரை விட்டால் மூக்கு கொஞ்சம் உள்ளே இழுக்கும், அவ்வளவுதான். முதல் தடவை சுற்றின நண்பனேதான் மறுபடியும் ஓட்டினான், அவனே கேட்டு.

ரோட்டில் ஓட்ட முடியுமா என்று கேட்பீங்க. முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. சொந்தமாச் செய்த வண்டிக்கு நம்பர் வேணும்னா மாடல் ஒப்புதல் வாங்கணும், அதுக்குச் சோதனை செய்கிற மையம் ஒரகடத்தில் இருக்கு, செலவு கம்பெனிகளுக்கானது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் வரை போய் விசாரிச்சுட்டுத்தான் சொல்றேன். ஆக எங்கள் ஸ்ட்ரீட் பக்கி இன்றைக்கு காலேஜ் காம்பவுண்டுக்குள் ஓடும் ஸ்ட்ரீட் பக்கி. இதைப் படிக்கிற ஜூனியர்ஸ் தலைப்பிலேயே ரோடு என்று போட்டு மாட்டிக்காதீங்க.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் டிராக் ஒன்று, கரி மோட்டார் ஸ்பீடுவே, அவர் பெயரில் இருக்கு. நாடு முழுக்க இருந்து நம்மை மாதிரி ஸ்டூடண்ட்ஸ் தாங்களே செய்த காரோடு ஃபார்முலா பாரத் போட்டிக்கு அங்கேதான் போறாங்க. போன தடவை நான் சும்மா பார்க்கப் போனேன். டெக் இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் ஒரு டீம் காரைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதில் ஒரு பையனிடம், கரி யாருன்னு தெரியுமா என்று கேட்டேன். ஊர்ப் பேராக இருக்கும் என்றான். அவர்கள் முறை வர நாலு கார் பாக்கி இருந்தது. சோழவரத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன், மாருதி இன்ஜின் பின்னால் போன இடத்தில் அவர்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் காரைத் தள்ளிக்கொண்டே திரும்பி, டை ராடை எங்கே கட்டினார் என்று கேட்டான்.